கையெழுத்துப் போடும் முன் 27ஆம் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கோவையைச் சுற்றியுள்ள முதியோர் குடியிருப்புகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடைபாதை, யோகா கூடம், கோயில், நூலகம் எல்லாம் படத்தோடு அழகாக இருந்தது. கடந்த ஆறு மாதத்தில் வேலந்தாவளம் வழியாகப் பஸ் ஏறிப் போய் அப்படி நான்கு இடங்களைப் பார்த்து வந்தவர்கள் நாங்கள். கட்டுரையில் விட்டுப்போனதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

எனக்கு 68, என் கணவருக்கு 74. நான் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். இவர் சர்வேயராக இருந்தவர். இருவருக்கும் கேரள அரசின் பென்ஷன். ஒரே மகள் பெங்களூரில். போன கார்த்திகையில் ஒருநாள் காலை இவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடியில்லை, ஆனால் என்னால் எழுப்ப முடியவில்லை. பக்கத்துத் தோப்பில் கள் இறக்கிக்கொண்டிருந்தவரைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டேன். இடுப்பில் கட்டிய குடுவையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். "சாரே, என் கழுத்தைப் பிடிச்சுக்கோங்க" என்று பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார். அன்று சாயங்காலம் இவர் கேட்டார்: "அந்த ஆள் மரத்துல இல்லாத நேரமாப் பார்த்து விழுந்தா என்ன பண்ணுவே?" தேடல் அங்கே தொடங்கியது.

சர்வே வேலை விட்டாலும் இவர் சட்டைப் பையை விட்டு இஞ்ச் டேப் போகவில்லை. முதலில் பார்த்த இடத்தில் லிப்டை அளந்தார். உள்ளே நாலடி கூட இல்லை. ஸ்ட்ரெச்சர் ஆறடிக்கு மேல். கூட வந்த விற்பனைப் பையன், "வீல்சேர் தாராளமா போகும் அங்கிள்" என்றான். "உட்கார முடிஞ்சவனுக்குத்தானே தம்பி வீல்சேர்?" என்றார் இவர். பையன் எங்களை நீச்சல் குளம் பார்க்கக் கூட்டிப்போய்விட்டான். குளியலறைக் கதவையும் பார்த்தோம். உள்பக்கம் திறக்கிற கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், வெளியே இருப்பவர் எப்படித் திறப்பார்? நான்கு இடத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் கதவு வெளிப்பக்கம் திறந்தது.

அதே இடத்தில்தான் வராந்தாவில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியிருக்கும். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, எந்தூருங்க?" என்று அவரே ஆரம்பித்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. ஏழு மணிக்கு மணியடிச்சா ராத்திரிச் சோறு. கைக்குத்தான் வேலையில்லீங்க. சண்டை போட்டு இந்த இலையை வாங்கிக்கிட்டு வந்தேன்" என்றார். அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்ட அளவு நான் எந்த விளம்பரப் புத்தகத்திலும் தெரிந்துகொள்ளவில்லை. போகிறவர்கள் விற்பனை அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பாமல், அங்கே இருப்பவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் கணக்கு. ஓர் இடத்தில் 30 லட்சம் டெபாசிட், இருவருக்கு மாதம் 38,000. டெபாசிட் திரும்பி வரும், செலவில்லை என்கிறார்கள். அதே 30 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் இப்போதைய 8.2 சதவீதத்தில் ஆண்டுக்கு 2,46,000, அதாவது மாதம் 20,500 வட்டி வரும். அதை விட்டுக்கொடுத்துத்தானே உள்ளே போகிறோம்? ஆக உண்மையில் மாதம் 58,500. போதாததற்கு மாதக் கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்று எழுதியிருந்தது. ஒன்பது வருடத்தில் இரட்டிப்பு. அப்போது இவருக்கு 83. எங்கள் பென்ஷன் அந்த வேகத்தில் ஏறாது.

ஒப்பந்தம் 46 பக்கம், முழுக்க ஆங்கிலம். வாட்ஸ்அப்பில் வாங்கி மகளுக்கு அனுப்பினேன். அவள் ராத்திரி பதினொன்றரைக்குப் போன் செய்து, "அம்மா, 27ஆம் பக்கத்தைப் படிச்சீங்களா?" என்றாள். குளிப்பது, உடுத்துவது, நடப்பது ஆகியவற்றைத் தானே செய்ய முடியாத நிலை வந்தால், குடியிருப்பவர் 60 நாளில் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமாம். இத்தனை வருடம் தமிழ் வாத்தியாராக இருந்ததற்கு அதைத் தமிழில் சொல்லிவிடுகிறேன்: முடியாமல் போனால் வெளியே போ. எந்த நாளுக்குப் பயந்து அங்கே போகிறோமோ, அந்த நாளில் அனுப்பிவிடுவார்கள். விற்பனைப் பையனைக் கேட்டதற்கு, "அது ஃபார்மாலிட்டிக்கு ஆன்ட்டி" என்றான்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. எங்கள் பஞ்சாயத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு, தீராத நோயில் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வந்து டியூப் மாற்றிவிட்டுப் போகிறார். காசு வாங்குவதில்லை. 2008இல் கேரளம் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. வாளையாறு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குக் குடிபோனால் அந்த நர்ஸ் பின்னாலேயே வரமாட்டார். கேரள அரசு ஊழியர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் 2022 ஜூலையில் தொடங்கிய மெடிசெப் மருத்துவக் காப்பீடும், சில அவசரச் சிகிச்சைகள் தவிர, பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் செல்லும். நாங்கள் பார்த்த ஒரு குடியிருப்பு கைகோத்திருக்கும் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இல்லை. என்னைப் போன்ற கேரளப் பென்ஷன்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

இத்தகைய குடியிருப்புகளுக்கென்று 2019இலேயே மத்திய வீட்டுவசதி அமைச்சகம் மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டுகிறவர், சேவை நடத்துகிறவர், குடிவருகிறவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போடுவது அதில் வருகிறது. நல்லதுதான். தமிழ்நாடு அரசு அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கையெழுத்துக்கு முன்பே கட்டாயமாகக் கொடுக்கச் சொல்ல வேண்டும். படுக்கையில் விழுந்தால் என்ன, இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவருக்குக் கட்டணம் எவ்வளவு, டெபாசிட் யாரிடம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். 27ஆம் பக்கம் வரை போக எங்களில் பலருக்குக் கண் இல்லை.

நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. வீட்டுக் குளியலறையில் இப்போதைக்கு இரண்டு கைப்பிடிக் கம்பி போட்டு, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிட்டோம். கதவு வெளியே திறந்த அந்த இடத்தில் பத்து நாள் தங்கிப் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த மாதம் போகிறோம். அந்த அம்மாவுக்கு எங்கள் வீட்டு மரத்திலிருந்து ஒரு கட்டுக் கறிவேப்பிலை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.