காளான் சாயப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

காட்டுக் காளானில் கம்பளிக்குச் சாயமேற்றி ஃபெல்ட் (நெய்யாமல், இழைகளை ஈரத்தில் அழுத்தித் தேய்த்து இறுக்கும் துணி) செய்யக் கற்றுத்தரும் அன்பர்களுக்கு, வணக்கம்.

உங்கள் செய்முறைத் தாளில் "காளானையும் கம்பளியையும் ஒன்றாகப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடவும்" என்று ஒரு வரி இருந்தால், தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். முறுக்கேறிய நூல் அதை ஓரளவு தாங்கும். ஃபெல்ட்டுக்கான நூற்காத கம்பளி தாங்காது. ஈரத்தில் சூடும் அசைவும் சேர்ந்தால் இழையின் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கொதிக்கும் பானையில் நடப்பது இதுதான். மாணவர் கைக்கு வருவது ஏற்கெனவே இறுகிப்போன கட்டி. அதை மெல்லிய அடுக்குகளாகப் பிரிக்கவே முடியாது. போதாக்குறைக்குக் காளான் துணுக்குகள் வேறு இழைக்குள் சிக்கிக்கொள்ளும்.

காளானைத் தனியாக வேகவைத்து, வடிகட்டி, சாறு வெதுவெதுப்பான பிறகே கம்பளியை இறக்கச் சொல்லுங்கள். உலர்ந்த காளான் என்றால் கம்பளியின் எடைக்குச் சம எடை போதும். பச்சைக் காளானில் பெரும்பகுதி நீர்தான் என்பதால் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும்.

அதற்கு முன், சாயம் இழையில் பிடித்துக்கொள்ளக் கம்பளிக்குப் படிகாரம் ஏற்ற வேண்டும். 100 கிராம் கம்பளிக்குப் படிகாரம் 10 முதல் 12 கிராம், க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூள் 5 முதல் 6 கிராம். நனைத்த கம்பளியைத் தளர்வான வலைப்பையில் இட்டு, மெதுவாக 80 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்து, அந்த நீரிலேயே ஆறவிட வேண்டும். கிளறக் கூடாது, பையை இரண்டொரு முறை மெல்ல அமுக்கினால் போதும். படிகாரம் கூடினால் இழை பிசுபிசுக்கும். சாயமேற்றும்போதும் இதே நிதானம் வேண்டும். பச்சைச் சாயலுக்காக அன்னபேதி (இரும்பு உப்பு) சேர்ப்பவர்கள் 100 கிராம் கம்பளிக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம், கம்பளி முறுமுறுத்து நொறுங்கும். சாயம் பிடிக்கச் சிலர் சேர்க்கும் பொட்டாசியம் டைக்ரோமேட்டை அடியோடு விட்டுவிடுங்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு.

சோப்பைப் பற்றிப் பலரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கார்ட்டினேரியஸ் செமிசாங்குனியஸ் காளானின் குடையைத் திருப்பினால் அடி மடிப்புகள் ரத்தச் சிவப்பாக இருக்கும். ஆரஞ்சும் சிவப்பும் தருபவை அவைதான். அவற்றிலுள்ள ஆந்த்ராகுவினோன் வகை நிறமிகள் காரத்தில் சாயல் மாறக்கூடியவை. ஃபெல்ட் செய்யும் சோப்போ காரம். ஆகவே சாயமேறிய இழையில் ஒரு சிட்டிகையைச் சோப்பு நீரில் போட்டுப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்கட்டும். முடிந்ததும் சில துளி வினிகர் கலந்த நீரில் அலசட்டும்.

இதே கார்ட்டினேரியஸ் இனத்தில் ஒரெல்லனின் என்ற நஞ்சு உள்ளவையும் உண்டு. தின்றவருக்குப் பல நாள் கழித்தே சிறுநீரகம் பழுதாவது தெரியவரும். சாயப் பானையும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பவே கூடாது. உலர்ந்த காளானைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம்.

நீலம் தரும் ஹிட்னெல்லம் காளான் வகைகளைத் தொடக்க வகுப்பில் வைக்காதீர்கள். அவற்றுக்குக் காரம் ஏறிய சாயநீர் வேண்டும், அந்தக் காரம் கம்பளியை அரிக்கும். காட்டிலும் அவை அரிதாகி வருகின்றன. பழகுபவருக்கு மஞ்சளும் பொன்னிறமும் தாராளமாகத் தரும் ஃபேயோலஸ் ஷ்வைனிட்ஸி காளான் போதும்.

இப்படிக்கு,
கம்பளியிலும் காளானிலும் வேலை செய்வோர்