சின்னக் கப்பலுக்குப் பணம் கட்டும் முன் முழங்காலையும் வயிற்றையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழில் கப்பல் சுற்றுலா பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, கட்டணமும் போட்டிருந்தீர்கள், ஆனால் யாருக்கு எந்தக் கப்பல் ஒத்துவரும் என்று ஒரு வரி கூட இல்லை. சேலத்துக்காரர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். நமக்குத் தெரிந்த தண்ணீர் மேட்டூர் அணையும் ஏற்காடு ஏரிப் படகும். கடலில் ஒரு ராத்திரி படுத்துத் தூங்குவது எப்படியிருக்கும் என்று கேட்டுக்கொள்ள நம் தெருவில் ஆள் கிடைக்காது. அதனால் எங்கள் குடும்பத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு பிப்ரவரியில் நானும் என் கணவரும் அக்காவும் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் சின்னக் கப்பலில் போனோம். ஜங்ஷனில் ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலை எர்ணாகுளம், அதுவரை சுலபம். அக்கா 30 வருடமாக ஏற்காட்டில் இருக்கிறார், 20 கொண்டை ஊசி வளைவையும் வாரம் இரண்டு முறை பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர். நான்தான் எட்டாவது வளைவுக்குள் எலுமிச்சம்பழத்தைத் தேடுவேன். அதனால் கப்பலில் படுத்துக்கொள்ளப் போவது நான்தான் என்று எல்லோரும் நினைத்தோம், நடந்தது நேர்மாறு. கரை மறைந்த ஒரு மணி நேரத்தில் அக்காவுக்குக் குமட்டல் ஆரம்பித்தது, மறுநாள் காலை வரை நிற்கவில்லை.

காரணத்தை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு உடம்பு ஆடுகிறது என்று சொல்கிறது, கண்ணெதிரே அறைச் சுவர் அசையாமல் நிற்கிறது, இந்தக் குழப்பம்தான் குமட்டல். மலைப்பாதைக்குப் பழகிய உடம்பு அலைக்கும் பழகியிருக்கும் என்று எண்ணக் கூடாது, இரண்டும் வேறு வேறு ஆட்டம். அதோடு அக்கா ஆசைப்பட்டு முன்பக்கத்து அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். அலையில் கப்பல் மூக்கைத் தூக்கிப் போடும்போது அதிகம் தூக்கிப் போடுவது அந்த இடத்தைத்தான். நடுவில், கீழ்த்தளத்தில் கேட்டிருந்தால் பாதி அவஸ்தை குறைந்திருக்கும். மாத்திரையையும் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. உங்களுக்கு ஆகுமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும், சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது இரண்டாவது விஷயம். லட்சத்தீவில் பல தீவுகளைச் சுற்றி ஆழம் குறைவு, கப்பல் தள்ளியே நங்கூரம் போடும், அங்கிருந்து சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பலின் பக்கவாட்டுக் கதவில் நின்றுகொண்டு, கீழே ஏறி இறங்கும் படகு மேலே வருகிற அந்த நொடியில் காலை வைக்க வேண்டும். கப்பல் ஆட்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். முதல் தீவில் எப்படியோ இறங்கிவிட்டார், அடுத்த நாள் மாட்டேன் என்று அறையிலேயே இருந்துவிட்டார். ஊரில் பணம் வாங்கிய ஏற்பாட்டாளரிடம் முழங்கால் விஷயத்தை நான் சொல்லித்தான் பதிவு செய்தேன். "எல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றார். படகு மாற வேண்டும் என்ற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அக்காவைக் கூட்டிப் போயிருக்க மாட்டேன்.

சரி, எனக்கு எப்படி இருந்தது? அப்படி ஒரு நீலத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. விடிகாலையில் மேல்தளத்தில் நின்றால் நாலு பக்கமும் தண்ணீர் மட்டும்தான். நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி எதுவும் இல்லை, எனக்கு வேண்டியதும் இல்லை. என் கணவருக்கோ இரண்டாம் நாளே பொழுது போகவில்லை. சாப்பாடும் ஒரே சமையலறை, போட்டதுதான். கையில் கொண்டுபோன தட்டுவடைதான் அவரைக் காப்பாற்றியது. அவர் மாதிரி ஆட்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் பெரிய கப்பல்தான் சரி. 2023ல் சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போக ஆரம்பித்த கார்டிலியா கப்பலில் சுமார் 1,800 பேர் ஏறலாம், லிஃப்ட் உண்டு, ஆட்டம் பாட்டம் உண்டு, பெரிய உருவம் என்பதால் அலையில் ஆடுவதும் குறைவாகத் தெரியும்.

சின்னதிலும் எல்லாம் ஒன்றல்ல. 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து அசாமில் உள்ள திப்ருகர் வரை 51 நாள் பயணம் புறப்பட்ட கங்கா விலாஸில் 36 பேருக்குத்தான் இடம், ஆனால் அது ஆற்றில் போகிறது, கடல் அலை கிடையாது. வயிறு ஒத்துழைக்காதவர்கள் ஆற்றுக் கப்பலைத்தான் யோசிக்க வேண்டும். ஆள் குறைவு என்பதால் தலைக்கு விலை கூடும், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிவைக்கிற பெற்றோர் சிலர் தென் அமெரிக்கப் பக்கம் இருக்கிற கலாபகோஸ் தீவுகள் வரை போகிறார்கள். அங்கே ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் அனுமதி இல்லை, ஆகவே சின்னக் கப்பல் தவிர வேறு வழியே இல்லை. கரையிறங்குவதும் ரப்பர் படகில்தான், சில இடங்களில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும்.

முதல் தடவை போகிறவர்கள் ஐந்து நாளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் சில மணி நேரம் கடலில் இருந்து பாருங்கள். கொச்சியில் கேரள அரசு நிறுவனத்தின் நெஃபர்டிட்டி கப்பல் 200 பேரை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய்த் திரும்புகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் பக்கம் போகாதீர்கள், பருவமழையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கப்பல் சுற்றுலா விளம்பரம் வாங்கும்போது மூன்று விவரங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: எத்தனை பேர் ஏறும் கப்பல், லிஃப்டும் டாக்டரும் உண்டா, கரைக்கு நேராக இறங்கலாமா அல்லது படகு மாற வேண்டுமா. எங்கள் அக்கா அன்று அறைச் சன்னல் வழியாகத்தான் தீவைப் பார்த்தார். இன்னொரு வீட்டு அக்காவுக்கு அப்படி ஆக வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.