எழுதியவர் எதிர்காற்றில் ஒருமுறை நின்று பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சாகச விளையாட்டுச் சிறப்புப் பகுதியில் நீரில் பலகைமேல் நின்று துடுப்புப் போடும் பேடில்போர்டிங்கிற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. அதன் இரண்டாவது பத்தியில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘அதிக உடல் வலு தேவையில்லை என்பதால் பெண்களுக்கு மிகவும் ஏற்ற விளையாட்டு.’ எழுதியவர் பாராட்டாகத்தான் எழுதியிருப்பார். அதனால் சில நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

பேடில்போர்டிங் கற்றுத் தருவது என் தொழில். காற்றில்லாத காலையில், அசையாத நீரில், பலகைமேல் நின்று மெல்லத் துடுப்புப் போடுவது எளிதுதான். ஆணுக்கும் எளிது, பெண்ணுக்கும் எளிது, வகுப்புக்கு வரும் பத்து வயதுப் பிள்ளைக்கும் எளிது. காற்று திரும்பியதும் கதை மாறிவிடும். நிற்கிற உடம்பே பாய்மரம் ஆகிவிடும். கரையிலிருந்து உள்ளே தள்ளுகிற காற்றாக இருந்தால் மண்டியிட்டு, துடுப்பைத் தாழ்த்திப் பிடித்து, தோள் கழன்றுவிடுமோ என்கிற அளவுக்கு இழுத்துத்தான் கரை சேர வேண்டும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். காற்றடைக்கும் பலகையைக் கைப்பம்பில் 15 பிஎஸ்ஐ அழுத்தம் வரை ஏற்றிவிட்டு, அப்புறம் உங்கள் கட்டுரையாளர் அந்த வரியை மறுபடி எழுதட்டும். பம்ப் நான் தருகிறேன்.

ஹவாயில் மொலொகாய் தீவிலிருந்து ஓஆஹு தீவுக்கு நடக்கும் பேடில்போர்டு பந்தயம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஏறக்குறைய 51 கி.மீ. திறந்த கடல். பெண்களும் அதே நீரைத்தான் கடக்கிறார்கள். அவர்களுக்கென்று யாரும் குறுக்கு வழி போட்டுத் தரவில்லை. 2018இல் கேல் மேஜர் என்கிற கால்நடை மருத்துவர் பிரிட்டனின் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனை வரை, சுமார் 1,600 கி.மீ., பேடில்போர்டில் போனார். அதைச் செய்த முதல் ஆள் அவர். ‘முதல் பெண்’ என்று எழுதுவதே பழக்கமாகிவிட்டதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அவருக்கு முன் எந்த ஆணும் செய்யவில்லை.

பெண்களுக்கு எது ஏற்றது என்று மற்றவர்கள் முடிவு செய்வது புதிதில்லை. பனிச்சரிவில் சறுக்கி வந்து தாவும் ஸ்கீ ஜம்பிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு அது இருந்தது. பெண்களுக்கு வந்தது 2014இல். இடையில், 2005இல், சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவர் ஜியான் பிராங்கோ காஸ்பர், மருத்துவக் கண்ணோட்டத்தில் இது பெண்களுக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை என்று திருவாய் மலர்ந்தார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்காகக் கட்டிய தாவுதளங்களில் சிறியதில், போட்டிக்கு முன்பு வரை, ஆண் பெண் எல்லாரையும் சேர்த்து மிக நீண்ட தாவல் யாருடையது தெரியுமா? லிண்ட்சி வான் என்கிற பெண்ணுடையது. அந்த ஒலிம்பிக்கில் அவர் கலந்துகொள்ள வழியில்லை. வீராங்கனைகள் நீதிமன்றம் வரை போனார்கள். பாகுபாடுதான் என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். ஆனால் ஒலிம்பிக் கமிட்டிக்கு உத்தரவு போடும் அதிகாரம் தனக்கில்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் துடுப்பு உலகத்திலும் இதே கதைதான். மண்டியிட்டு ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்தும் கனூ படகுப் போட்டி, ஆண்களுக்கு 1936இலேயே வந்துவிட்டது, பெண்களுக்கு வந்தது 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்.

சரி, பழங்கதை போகட்டும். உங்கள் கட்டுரையின் படத்துக்கு வருகிறேன். முழுப்பக்கப் படம், பலகைமேல் ஒரு பெண் யோகாசனம் செய்கிறார். ஓரத்தில் படம் எடுத்தவர் பெயர் இருக்கிறது. பலகையின் பிராண்ட் பெயர் கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்கு இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அடுத்த பக்கத்தில் துடுப்போடு நிற்கிற மூன்று ஆண்களுக்கும் பெயர், வயது, வென்ற போட்டி எல்லாம் உண்டு.

அந்தப் படத்தில் இன்னொன்றும் இல்லை. காலில் லீஷ் (பலகையோடு நம்மைப் பிணைக்கும் கயிறு) இல்லை, உடம்பில் மிதவைச் சட்டையும் இல்லை. வகுப்பில் நான் தொண்டை வறளக் கத்துவதே இதற்காகத்தான். விழுந்தால் பலகைதான் உங்கள் படகு. கொஞ்சம் காற்று இருந்தாலும் நீங்கள் நீந்துகிற வேகத்தைவிட வேகமாக அது போய்விடும். ஓடுகிற ஆற்றிலோ கணுக்காலில் கட்டுகிற லீஷே ஆபத்து; பாறையிலோ கிளையிலோ மாட்டிக்கொண்டால் ஓட்டத்தின் வேகத்தில் குனிந்து அவிழ்க்க முடியாது. அங்கே இடுப்பில், இழுத்தவுடன் விடுபடுகிற வகையைக் கட்ட வேண்டும். ஆண்களின் படத்தில் லீஷும் மிதவைச் சட்டையும் ஒழுங்காக இருந்தன. பெண் என்றால் அழகைக் கெடுக்கும் என்று கழற்றச் சொன்னார்களோ என்னவோ.

சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் இதழிலிருந்தே ஒரு நிருபர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். வீட்டில் என்ன சொன்னார்கள், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வெயிலில் நிறம் கறுக்காதா என்று கேட்டார். என்னோடு வேலை செய்யும் ஆண் பயிற்றுநரிடம் நீரோட்டம் பற்றியும் மீட்புப் பயிற்சி பற்றியும் கேட்டார். அவருக்கும் குழந்தை உண்டு. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தொழில் என்று சொன்னேன். அதையும் கொஞ்சம் கேளுங்கள். இந்த வேலையில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, வகுப்புக்கு இவ்வளவு என்றுதான். தொடக்க வகுப்பும் குழந்தைகள் வகுப்பும் பெண்களுக்கு வரும். ஆற்றுப் பயிற்சியும் நெடுந்தூரப் பயணமும் ஆண்களுக்குப் போகும், கூடுதல் காசும் அதோடு போகும். ஓடும் நீரில் மீட்புப் பயிற்சியை என் கைக்காசில் முடித்து, கெடு முடியும்போதெல்லாம் புதுப்பித்தும் வருகிறேன். ஆனாலும் நான் பலகைக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது வந்து ‘சார் எப்ப வருவார்?’ என்று கேட்கிறவர்கள் குறையவில்லை. கர்ப்பமானபோது நான் வேலை பார்த்த இடத்தில் அன்போடு ஓய்வெடுக்கச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது என் மேல்நிலை வகுப்புகள் வேறொருவர் பெயரில் இருந்தன. யாரும் என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை.

உடைக்கு வருவோம். குளிர்நீரில் போட்டுக்கொள்ளும், நீர் புகாத முழு உடையான டிரைசூட்டில் சிறுநீர் கழிக்க ஆணுக்கு முன்னால் ஒரு ஜிப், முடிந்தது வேலை. பெண்ணுக்குப் பின்பக்கம் திறக்கிற ஜிப் வேண்டும். பல கடைகளில் அது சிறப்பு ஆர்டர், கூடுதல் விலை, காத்திருப்பு. இல்லாவிட்டால் முழுவதையும் கழற்ற வேண்டும். ஆற்றங்கரையில், ஆண்கள் குழுவின் நடுவில், எங்கே போய்க் கழற்றுவது? அதனால் பயணம் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் தலைவலி, தசைப்பிடிப்பு, தள்ளாட்டம். உடனே ஒருவர் சொல்வார், ‘லேடீஸுக்கு ஸ்டாமினா கம்மி.’ அகலமான பலகையில் கைப்பிடி நடுவில் இருப்பதால் கை எட்டாமல் தலையில் தூக்கிப் போனாலும் அதே ஆறுதல்தான் கிடைக்கும்.

பணம் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. 2018இல் தென்னாப்பிரிக்காவில் ஓர் இளையோர் அலைச்சறுக்குப் போட்டியில் வென்ற பையனும் பெண்ணும் பரிசுக் காசோலைகளோடு நின்ற படம் உலகம் சுற்றியது. அவனுக்கு 8,000 ராண்ட், அவளுக்கு 4,000. அதே ஆண்டு செப்டம்பரில் உலக சர்ஃப் லீக் 2019 முதல் சமப் பரிசு என்று அறிவித்தது. பணம் எங்கிருந்தோ புதிதாக முளைக்கவில்லை. படம் வெளியே வந்து கேள்வி எழுந்தது, அவ்வளவுதான்.

என் வேண்டுகோள் சின்னது. இனி வெளியிடும் படங்களில் துடுப்புப் பிடித்திருப்பவர் யாராக இருந்தாலும் பெயரைப் போடுங்கள். நீரில் எடுத்த படங்களை அச்சுக்கு அனுப்பும் முன் இந்த விளையாட்டு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நான் கூலி கேட்க மாட்டேன்.

முன்பு ஒருமுறை நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, ‘மகளிர் பக்கம்’ பகுதியில் போட்டிருந்தீர்கள். இதை விளையாட்டுப் பக்கத்தில் போட்டால் மகிழ்வேன். இடம் போதவில்லை என்றால் ஒலிம்பிக் கதையை எடுத்துவிடுங்கள், என் சொந்தக் கதையையும் எடுத்துவிடுங்கள். லீஷ் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
பேடில்போர்டு பயிற்றுநர்