பெரிய வெள்ளிக்கு மட்டும் ஞாபகம் வாற பிலிப்பைன்ஸ்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஒவ்வொரு வருசமும் பெரிய வெள்ளி முடிய உங்கட பேப்பரில ஒரே படம்தான் வருது, பிலிப்பைன்ஸில ஒரு ஆளைச் சிலுவையில வச்சு ஆணி அடிக்கிற படம், கீழ ரெண்டு வரி, அவ்வளவுதான். இந்த முறை கூடவே ஒரு சின்னக் கட்டுரையும் போட்டு, வெள்ளைக்காரன் குடுத்துட்டுப் போன சமயத்தை விடாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற சனம் எண்ட மாதிரி எழுதியிருந்தியள். வாசிக்க எரிச்சலாக் கிடந்தது. உந்த ஆணி அடிக்கிறது பம்பாங்கா மாகாணத்தில 1960களில துவங்கின நேர்த்தி, அங்கத்தைய ஆயர்மாரே வேண்டாம் எண்டு சொல்லிக்கொண்டுதான் இருக்கினம். எங்கட தூக்குக்காவடிப் படம் ஒண்டை மட்டும் போட்டு இதுதான் ஈழத்தமிழர்ர சமயம் எண்டு மணிலாப் பேப்பர் எழுதினா நாங்கள் சும்மா இருப்பமோ?

வெள்ளைக்காரன் கொண்டுவந்தது எண்டது பொய்யில்லை. 1521இல ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மகெல்லன் அங்கத்தைய சேபுத் தீவில இறங்கி, அரசன் ஹுமாபொனுக்கு ஞானஸ்நானம் குடுப்பிச்சு, அரசிக்குக் குழந்தை யேசு சுரூபம் ஒண்டும் குடுத்தார், ரெண்டு கிழமைக்குள்ள பக்கத்து மக்டான் தீவில லாபுலாபு எண்ட தலைவன்ர ஆக்கள் ஆளை முடிச்சுப்போட்டினம். பேந்து 1565இல லெகாஸ்பி எண்ட ஸ்பானியத் தளபதி வந்து ஊர் எரிஞ்சு போக, ஒரு வீட்டுக்குள்ள அந்தச் சுரூபம் பழுதில்லாமக் கிடந்ததாம். 44 வருசமா ஒரு பாதர் இல்ல, பூசை இல்ல, சனம் அதைத் தங்கட தெய்வங்களோட ஒரு தெய்வமா வச்சிருந்து, மழை இல்லாட்டிக் கடலில கொண்டுபோய் முழுக்காட்டினவை எண்டும் சொல்லுவினம். குடுத்தவன் செத்துப்போனான், வச்சிருந்தது ஆர்?

அதுக்குப் பிறகு 333 வருசம் ஸ்பானியர் ஆட்சி. காணியெல்லாம் சந்நியாச சபைகளின்ர கையில, உள்ளூர்க் குருமாருக்கு நல்ல பங்குக் கோயில் ஒண்டும் குடுக்க மாட்டினம். அப்போலினாரியோ டெ லா குருஸ் எண்ட பெடியன் சபையில சேரப் போக உள்ளூர்க்காரன் எண்டு தள்ளிவிட்டவை, அவர் 1832இல தன்ர சனத்தை வச்சுத் தனியா ஒரு பக்திச் சபை துவங்கினார், கடைசியில படையை விட்டுப் பிடிச்சு 1841இல கொலை செய்துபோட்டாங்கள். 1872இல கோமேஸ், புர்கோஸ், சமோரா எண்ட மூண்டு குருமாரை, கலகத்துக்குக் காரணம் எண்டு பழி போட்டு, மணிலாவில பகும்பாயன் வெளியில சனம் பாத்துக்கொண்டு நிக்கக் கழுத்தை நெரிச்சுக் கொண்டவை. அந்த நாட்டின்ர தேசிய வீரர் எண்டு கொண்டாடுற எழுத்தாளர் ஹோசே ரிசால் தன்ர ரெண்டாவது நாவலை இந்த மூண்டு பேருக்கும்தான் காணிக்கையாக்கினவர், 1896இல அவரையும் அதே வெளியிலதான் சுட்டது. 1902இல அக்லிப்பாய் எண்ட குருவானவரைத் தலைவராக்கி ரோமாபுரியோட தொடர்பில்லாத சுதேச திருச்சபையே துவங்கிட்டினம். 1986இல சர்வாதிகாரி மார்க்கோசின்ர டாங்கிக்கு முன்னால கன்னியாஸ்திரிமார் செபமாலையோட முழங்காலில நிண்டது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இதையெல்லாம் "பிடிச்சுக்கொண்டு நிக்கிறது" எண்டு சொல்லேலுமோ?

ஜனவரி 9ஆம் திகதி மணிலாவில கியாப்போ எண்ட இடத்தில நடக்கிற கறுத்த நாசரேனர் பவனியை ஒருக்கா யூடியூபில பாருங்கோ. மெக்சிக்கோவில இருந்து கப்பலில வந்த சுரூபம், சிலுவை சுமக்கிற யேசு, நிறம் நல்ல கறுப்பு. சனம் மெரூன் சேர்ட்டோட வெறுங்காலில வந்து சுரூபத்தின்ர தேர் வடத்தைப் பிடிக்க அடிபடும், கிட்டப் போகேலாத ஆக்கள் துவாயைச் சுருட்டி எறிவினம், தேருக்கு மேல நிக்கிறவை அதைப் பிடிச்சுச் சிலுவையில துடைச்சுத் திருப்பி எறிவினம், ஆற்ற துவாய் ஆரிட்டப் போகுதெண்டு கடவுளுக்குத்தான் தெரியும். சில வருசம் பவனி அடுத்த நாள் விடியத்தான் கோயிலுக்குத் திரும்பும்.

இதெல்லாம் வன்னிச் சனத்துக்கு விளங்காத விசயம் இல்ல ஐயா. ஒல்லாந்தன் கத்தோலிக்கரைத் துரத்தேக்க மாந்தைச் சனம் மாதாவைத் தூக்கிக்கொண்டு மடுக்காட்டுக்குள்ள வந்தது, அப்ப பறங்கிப் பாதிரிமார் ஒருத்தரும் இல்ல, பேந்து கோவாவில இருந்து பிச்சைக்காரன் வேசத்தில வந்த யோசேப்வாஸ் எண்ட குருவானவர்தான் மிச்சச் சனத்தைத் தேடிப் பிடிச்சவர். 2015 ஜனவரி 14 காலமை கொழும்பில அவரைப் புனிதராக்கிப்போட்டு பின்னேரம் மடுவுக்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸ், அடுத்த நாள் நேரா மணிலாவுக்குத்தான் போனவர். 2013 புயல் ஆயிரக்கணக்கான சனத்தைக் கொண்டுபோன தக்லோபான் எண்ட பிலிப்பைன்ஸ் நகரத்தில மழைக்குள்ள மஞ்சள் ரெயின்கோட்டோட பூசை வச்சார். மற்ற நாள் மணிலாவில அறுபது லட்சம் சனம் எண்டு அரசாங்கம் சொன்னது, பூசை நடந்த ரிசால் பூங்கா வேற எங்கயும் இல்ல, அந்த மூண்டு குருமாரையும் கொலை செய்த பகும்பாயன் வெளிதான்.

இன்னொண்டு, அங்க எல்லாரும் கத்தோலிக்கரும் இல்ல. ஸ்பானியருக்கு முன்னமே இஸ்லாம் வந்த இடம் தெற்குப் பக்கத் தீவுகளான சூலுவும் மிண்டனாவோவும், அந்தச் சனத்தை ஸ்பெயின் முழுசா அடக்கவே இல்ல. அதைப் பற்றியும் ஆரையும் கொண்டு எழுதுவியுங்கோ.

இப்போதைக்கு அடுத்த ஜனவரி 9க்கு கியாப்போப் படம் ஒண்டு போட்டாக் காணும். ஆணிப் படத்துக்குக் குடுக்கிற இடத்தில பாதி போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
பண்டிவிரிச்சான்.