வீலிங்: பின் பிரேக்கை யார் சொல்லித்தருவது?

ஆசிரியருக்கு,

ஸ்போர்ட்ஸ் பைக்கில் வீலிங், அதாவது முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவது, பழகும் பையன்கள் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்குவது என்றுதான் கேட்கிறார்கள். பின் பிரேக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. முன்சக்கரம் அளவுக்கு மீறி எழும்பி வண்டி பின்னால் சாயும்போது காப்பாற்றுவது அந்தப் பெடல்தான். லேசாக மிதித்தாலே முன்பக்கம் இறங்கிவிடும். அதனால் முதல் கியரில், சக்கரம் ஒரு சாண் எழும்பும்போதே பிரேக்கால் இறக்கிப் பழக வேண்டும். வலது கால் பெடலை விட்டு நகரவே கூடாது. முன்சக்கரத்தைத் தடாலென்று தரையில் போட்டால், அதைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய்விடும். ஹேண்டில்பார் கோணலாக இருந்தாலோ, தரை தொட்டதும் வண்டி உதறும்.

பொதுச்சாலையில் இதைச் செய்பவர்களுக்கு அபராதம் போடுங்கள், தாராளமாக. கூடவே, ரேஸ் டிராக் நடத்துபவர்கள் பயிற்சியாளரோடு சில மணி நேரம் ஒதுக்கித் தரலாமே!

– வாசகர் ஒருவர்