நோயில்லாத தோலையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோல் வறண்டால், அரித்தால், முடி கொட்டினால் 'துத்தநாகம் குறைந்திருக்கும்' என்று மருத்துவப் பக்கங்களில் அடிக்கடி பார்க்கிறேன். சரி, எதைவிடக் குறைந்திருக்கிறது? நல்ல தோலில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தால்தானே குறைவு, கூடுதல் என்று பேச முடியும்.

அதை அளப்பது லேசான வேலை இல்லை. உடம்பில் மொத்தமே இரண்டு மூன்று கிராம் துத்தநாகம்தான், அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் தோலில் இருக்கிறது, அதுவும் ஒரே சீராக இல்லை. காகிதம் போன்ற மேல்தோலில் நிறைய, அடியிலுள்ள தடித்த தோலில் பல மடங்கு குறைவு. இரண்டையும் பிரிக்காமல் சேர்த்துக் கரைத்து அளந்தால் வரும் எண் எதற்கும் உதவாது. தோலில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான் என்பதால், ஈரத்தோடு நிறுத்தார்களா உலர்த்தி நிறுத்தார்களா என்று சொல்லாத அளவையும் நம்ப முடியாது. எஃகுக் கத்தியால் வெட்டினால் கத்தியிலிருந்தே இரும்பும் குரோமியமும் நிக்கலும் ஒட்டும், முந்தின நாள் பூசிய துத்தநாகக் களிம்பு தோலின் கணக்கில் ஏறிவிடும். புரோட்டான் கற்றையைப் பாய்ச்சி, அப்போது எழும் எக்ஸ் கதிரை வைத்து அடுக்கடுக்காக அளக்கிற முறையில் வெளிநாடுகளில் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண்களை அப்படியே நம் ஊர்க்காரர்களுக்குப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை, நம் சாப்பாடும் வெயிலும் வேலையும் வேறு.

இங்கே ஆத்தங்குடி கல் என்னும் சிமெண்ட் தரை ஓடு செய்பவர்கள் நாள் முழுக்க சிமெண்டில் கை வைக்கிறார்கள். சிமெண்டிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையாகிக் கை வெடித்துப் புண்ணாகும், இது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். அவர்கள் கையில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்க, முதலில் சிமெண்ட் தொடாதவர்களின் தோலில் குரோமியம் எவ்வளவு என்ற கணக்கு வேண்டும். காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாமே! அறுவை சிகிச்சையில் மிஞ்சும் தோலை எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு வாங்கலாம். மேலடுக்கு மட்டும் போதும் என்றால் ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்தாலே வந்துவிடும், காயமே கிடையாது.

இதை உங்கள் பத்திரிகை இரண்டு இடத்துக்கும் கேள்வியாகவே அனுப்பி, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டும்.

ஒரு வாசகர்,
காரைக்குடி