வால் அட்டைகளும் உக்கிராணச் சாவியும்

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் அன்பான தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம்தான், ஆனால் முழங்காலாலா எழுதுகிறாய் என்று கேட்பாய். சரி, சோம்பல்தான்.

வீட்டில் எல்லாரும் சுகம். இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் தேக்கா மார்க்கெட்டே கதி. இருப்பது இரண்டு பேர், வாங்கி வருவது ஆறு பேருக்கான மீன். பேரன் தொடக்கநிலை மூன்றுக்கு வந்துவிட்டான். அவன் தமிழைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு பள்ளிக்கு நான் செய்த வால் அட்டைகள் உனக்கு நினைவிருக்கும். போன முறை வந்தபோது மேசை முழுக்கப் பரப்பிக் காட்டினேனே. இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தாலும் பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலம்தான். வேதாகமத்தைத் திறந்தால் ‘விசுவாசிக்கிறவன்’ என்று ஒன்பது எழுத்து ஒரே மூச்சில் வந்து நிற்கும். பாதியில் மூச்சு முட்டி என்னைப் பார்ப்பார்கள். அதனால்தான் சொல்லை இரண்டாக வெட்டினேன். ‘விசுவாசி’ கறுப்பில், ‘க்கிறவன்’ சிவப்பில். சிவப்பு அட்டைக்கு வால் என்று பெயர் வைத்ததே பிள்ளைகள்தான். அதே வாலைப் படி, நட, கொடு என்று எதற்குப் பின்னால் ஒட்டினாலும் ஒரு ஆள் கிடைத்துவிடுவான். வால்களைத் தெரிந்துகொண்ட பிள்ளை நீளமான சொல்லைக் கண்டு பயப்படுவதில்லை. இதைக் கண்டுபிடித்துச் சீராக்க எனக்கு 11 வருஷம் ஆயிற்று.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு டியூஷன் சென்டர்காரர் வந்து கேட்டார். சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் பார்த்தால் அழகாக அச்சடித்து, ஒரு கட்டு 18 வெள்ளி என்று விற்கிறார்! பெயரும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் எதிர்ச்சாரியில்தான் நடக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொல்கிறேன், கால் கேட்கவில்லை.

அந்தக் கசப்போடு இருந்தபோதுதான் போன வருஷம் வேறொரு தமிழ்ச் சபையிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். “ஆன்ட்டி, உங்கள் அட்டைகளைப் பார்க்கலாமா?” என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அலமாரியில் இரண்டு பெட்டி இருந்தது. பழைய எழுத்து அட்டைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். வால் பெட்டி பின்னாலேயே இருந்தது. “அவ்வளவுதானா ஆன்ட்டி?” என்றாள். “அவ்வளவுதாம்மா” என்றேன்.

வேதாகமத்தில் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்து, இவ்வளவுதான் என்று பொய் சொல்லி, அங்கேயே செத்து விழுந்த அனனியாவும் சப்பீராளும் செய்ததும் இதேதான். நான் செத்து விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் காபி குடித்துவிட்டு அத்தனை நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. தசமபாகம் கொடுக்க நான் ஒருநாளும் தயங்கினதில்லை. இப்போதெல்லாம் காணிக்கையைக்கூட பேநௌ என்கிற போன்வழிப் பணப் பரிமாற்றத்தில் போனை நீட்டிக் கொடுத்துவிடலாம், கை நடுங்கவே நேரமில்லை. ஆனால் தலைக்குள் இருப்பதைக் கொடு என்றால் மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறோம்? பணம் போனால் பணம்தான் போகும். இது போனால் ‘அந்த வால் ஆன்ட்டி’ என்று சபையில் எனக்கிருக்கும் இடம் போய்விடும் என்று பயந்தேன் போல.

தூக்கம் வராமல் பேதுருவின் முதலாம் நிருபத்தைத் திறந்தேன். பெற்ற வரத்தின்படி ‘நல்ல உக்கிராணக்காரர்போல’ ஒருவருக்கொருவர் உதவச் சொல்கிற இடம், நான்காம் அதிகாரம். எத்தனையோ முறை வாசித்ததுதான். அன்றைக்குத்தான் உக்கிராணம் என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. உங்கள் அக்கா கல்யாணத்தில் சமையல் சாமான் வைக்கிற உக்கிராண அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாரே உன் பெரியப்பா, இடுப்பில் சாவியோடு? சமையல்காரர் கேட்கக் கேட்க அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். அரிசி அவருடையதா? இல்லை. அவர் அதைக் கொடுக்க மாட்டேன் என்றிருந்தால் பந்தியில் இலைதான் காய்ந்திருக்கும். சாவியை வைத்திருந்தவரை அரிசிக்குச் சொந்தக்காரர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் யோசித்தேன். நான் வெட்டி ஒட்டுகிற அந்தச் சொற்களே யாருடையவை? தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்தார், 1715-ல் அச்சானது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்ததும் 1719-ல் இறந்துபோனார். வயது 36. மிச்சத்தை சூல்ட்ஸ் முடித்தார். பிறகு பப்ரிசியுஸ் வந்து, வருஷக்கணக்காக உட்கார்ந்து, மறுபடியும் மொழிபெயர்த்தார். அதன்மேல் வேலை செய்து பவர் ஐயர் குழு 1871-ல் கொண்டுவந்ததைத்தான் நாம் இன்னும் கையில் வைத்திருக்கிறோம். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் கை வைத்து, முன்னவர் எழுதியதை அடித்துத் திருத்தி, அதையும் அடுத்தவர் திருத்தி… இதில் யார் யாரிடம் பெட்டியை ஒளித்தார்கள்?

இங்கே தமிழில் ஆராதனை நடக்கிற கோயில்களையே பார். ஷார்ட் ஸ்ட்ரீட்டில் மெதடிஸ்ட், டோர்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன், ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா. தேக்காவிலிருந்து மூன்றுக்குமே நடந்து போய்விடலாம். எல்லா இடத்திலும் பிள்ளைகள் இதே மாதிரி நீளமான சொற்களில்தான் தடுக்கி விழுவார்கள். நாங்களோ தனித்தனியாகக் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருக்கிறோம்.

காலையில் அவளுக்குப் போன் பண்ணி, “இன்னொரு பெட்டி இருக்கிறது, நேற்று மறந்துவிட்டேன்” என்றேன். ஆமாம், அதிலும் ஒரு பொய். பாவத்தை ஒரேயடியாக விட முடிகிறதா?

இப்போது கேள். இரண்டு மாதம் கழித்து ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தாள். அட்டைகளின் பின்னால் காந்தத் துண்டு ஒட்டி, டின் மூடியே பலகையாகிவிட்டது. அது பெரிய விஷயமில்லை. நான் எப்போதும் திணறுகிற இடம் ஒன்று உண்டு. பிள்ளைகள் அதே வாலை ‘தூங்கு’வுக்கு ஒட்டி ‘தூங்குக்கிறவன்’ என்பார்கள். 11 வருஷமாக “அப்படியில்லை கண்ணு, தூங்குகிறவன்” என்று திருத்தியே வந்தேன். இவள் என்ன செய்திருக்கிறாள்? ‘க்’கை மட்டும் தனியாக வெட்டி, மஞ்சள் வண்ணத்தில், பாலம் என்று பெயர் வைத்திருக்கிறாள். படி, பாலம், கிறவன். தூங்கு, கிறவன், பாலம் வேண்டாம். எந்தச் சொல்லுக்குப் பாலம் வேண்டும் என்று பிள்ளைகளே வாயில் சொல்லிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். என் பேரன் ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான். எனக்குப் பொறாமை வந்ததா என்று கேட்காதே. வந்தது. அப்புறம் நானும் கத்தரிக்கோலை எடுத்து என் பெட்டியிலிருந்த க்-களை எல்லாம் வெட்ட ஆரம்பித்தேன்.

டின் மூடியின் உள்பக்கம் ‘ஆன்ட்டியின் வால்கள்’ என்று எழுதியிருக்கிறாள். அழித்துவிடச் சொல்ல வாய் வரவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது விடுதி நாட்கள் நினைவுக்கு வருகின்றன. உன் சரித்திர நோட்டு விடுதி முழுக்கச் சுற்றியதே. கடைசியில் அதை வாங்கிப் படித்தவள் முதலாவதாக வந்தாள், நீ இரண்டாவது. நான் உனக்காகக் கோபப்பட்டேன். நீயோ அவளையும் கூட்டிக்கொண்டு அல்வா வாங்கப் போனாய். அன்றைக்கு உன்னை ஏமாளி என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்.

அந்த டியூஷன் சென்டர்காரர் விஷயத்தில் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. யார் கேட்டாலும் கொடுக்கிறேன், விலை போடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அது சரியா, அதுவும் ஒரு பிடிவாதமா? நீ எழுது.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறவர்களிடம் ஒரு டின் கொடுத்துவிடுகிறேன். உன் சபைப் பிள்ளைகளுக்குத் தேவைப்படாது, ஆனால் பெங்களூரில் இருக்கிற உன் பேத்திக்கு ஆகும்.

அப்புறம், நோட்டைக் கொடுத்த மகராசியே, உன் முந்திரிக்கொத்துக்குப் பாகுப் பதம் என்ன என்று நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். “எல்லாம் கைவாகு” என்று சொல்லியே தப்பித்துவிடுகிறாய். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எழுதி அனுப்பு, பாகு எத்தனை கம்பி என்பதோடு.

உன் பழைய பெஞ்சுக்காரி